கமால் பாய் மில்லை விட்டுப் போன விதம்

தொழில் தொடங்க வேண்டும், என்ன செய்யலாம் என்று கேட்டு என் அலுவலகத்துக்கு வந்தவர்கள் ஏராளம். கடன் வேண்டும், வரி குறைய வேண்டும், பங்காளியைக் கழற்றிவிட வேண்டும் என்று வந்தவர்களுக்கும் குறைவில்லை. நன்றாக நடந்துகொண்டிருக்கும் தொழிலை விட்டு நல்லபடியாகப் போவது எப்படி என்று கேட்டு வந்தவர் என் அனுபவத்தில் ஒரே ஒருவர்தான். அவர் லப்பைக்குடிக்காட்டுக் கமால் பாய்.

பெரம்பலூரில் ஆடிட்டராக இருந்து, அலுவலகத்தை இளையவர்களிடம் கொடுத்துவிட்டு, இப்போது அரியலூரில் மகள் வீட்டோடு இருக்கிறேன். போன மாதம் பழைய அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். மடிக்கணினியைத் திறந்து, முதலாளி ஒருவர் தொழிலிலிருந்து வெளியேறத் திட்டம் போட்டுத் தரும் புது மென்பொருளைக் காட்டினார்கள். கட்டங்களை நிரப்பினால் போதும், வாரிசா, விற்பனையா, எத்தனை கட்டமாக என்று அதுவே சொல்லிவிடுகிறது. எப்படி இருக்கிறது மேடம் என்று கேட்டார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதில் எந்தக் கட்டத்திலும் கமால் பாயை உட்கார வைக்க முடியவில்லை. அவர்களிடம் அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் முந்திரிக் காடு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. கணக்கு நன்றாக வருகிறது என்று அப்பா என்னைத் திருச்சிக்கு அனுப்பினார். அங்கே வைத்தியநாதன் சார் என்ற ஆடிட்டரிடம் தொழில் கற்றேன். கற்றவற்றில் பெரும்பாலானதைச் சட்டம் மாற மாற மறந்தாயிற்று. அவருடைய ஒரு பழக்கம் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

ஒரு தொழிலின் மதிப்பு என்ன என்று பார்க்கக் கூப்பிட்டால், அவர் முதல் நாள் கணக்கையே தொடமாட்டார். முதலாளியின் அறையில் ஒரு மூலையில் நாற்காலி கேட்டு வாங்கி உட்காருவார். காபி கொடுத்தால் அப்புறம் என்பார். வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார். வேலையாட்களில் யாராவது உள்ளே வந்து முதலாளியிடம் ஏதாவது கேட்டால் ஒரு விரலை மடக்குவார். அந்த லாரியை அனுப்பலாமா என்று ஒருவர் கேட்பார், ஒரு விரல். இவருக்குக் கடன் கொடுக்கலாமா என்று இன்னொருவர் கேட்பார், இன்னொரு விரல். இரண்டு கையும் தீர்ந்துவிட்டால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் என் விரல்களை மடக்கத் தொடங்குவேன். கடைசியில் எழுந்து, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, மிக மெல்லிய குரலில் முதலாளியிடம் சொல்வார்.

"உங்க கடையை யாராலும் வாங்க முடியாதுங்க. வாங்கினா உங்களையும் சேர்த்து வாங்கணும். நீங்க விலைக்கு இருக்கீங்களா?"

சிலர் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும். புரிந்துகொண்டவர்கள் குறைவு.

நான் தனியாகத் தொழில் தொடங்கிய பிறகு அது உண்மை என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஜெயங்கொண்டத்தில் ஒருவர் பாத்திரக் கடையை நல்ல விலைக்கு விற்றார். பத்திரமெல்லாம் நான்தான் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. மறுநாள் காலையிலிருந்து அவர் எதிர் டீக்கடையில் வந்து உட்கார்ந்துவிட்டார். கடைக்குள் போகிறவர்களைக் கூப்பிட்டு, குடம் எடுக்காதீங்க, இப்ப வர்றது கனம் கம்மி என்று சொல்வார். வாங்கியவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் கடையையே வேறு தெருவுக்கு மாற்றிக்கொண்டு போனார். காகிதத்தில் வெளியே போவது வேறு, காலால் வெளியே போவது வேறு என்று அப்போதே தெரிந்துகொண்டேன். ஆனால் இரண்டாவதை ஒரு மனிதர் திட்டம் போட்டுச் செய்ய முடியும் என்று நான் நினைத்ததில்லை.

கமால் பாயின் மில், பெரம்பலூரிலிருந்து வேப்பந்தட்டை போகும் சாலையில் இருக்கிறது. மாட்டுத் தீவனம் அரைக்கும் மில். சின்ன வயதில் சவுதியில் கொஞ்ச காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, ஒரே ஒரு அரவை இயந்திரத்தோடு தொடங்கினார். சுற்று வட்டாரமெல்லாம் மானாவாரி மக்காச்சோளம். அறுத்த சோளத்தை விவசாயிகள் நேரே அவரிடம் கொண்டுவந்து கொட்டுவார்கள். என்ன விலை என்றுகூடப் பல பேர் கேட்கமாட்டார்கள். பாய் பார்த்துப் போடுவார் என்பதுதான் பேச்சு. அதே விவசாயிகள் திரும்பிப் போகும்போது தங்கள் மாட்டுக்கு அங்கேயே தீவனமும் வாங்கிக்கொண்டு போவார்கள். சாக்கில் 'கமால் பாய் தீவனம்' என்று யானை அளவு எழுத்து. கீழே ஓரமாக ஆட்டுக்குட்டி அளவில் ஒரு பசு.

அவருடைய அண்ணன் பெரம்பலூர் டவுனில் இரும்புக் கடை வைத்திருந்தார். ஒருநாள் கடையில் உட்கார்ந்திருந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். யாருக்கு எவ்வளவு பாக்கி, எந்தச் சரக்கு எங்கே என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. ஒரு வருடத்துக்குள் கடை இழுத்து மூடப்பட்டது. பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் பேசுவதை நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் கமால் பாய் என் அலுவலகத்துக்கு வந்தார். நல்ல ஆரோக்கியமாக இருந்தார். மில்லும் அதுவரை ஓடியதிலேயே நன்றாக ஓடிக்கொண்டிருந்த சமயம்.

"நான் மவுத்தானதுக்கு அப்புறம் என்ன பண்ணணும்னு உயில் எழுத வரல ஆடிட்டரம்மா," என்றார். "நான் உசுரோட இருக்கும்போதே மில்லுல இல்லாம போகணும். நான் இல்லாம அது ஓடுறத என் கண்ணால பாத்துடணும். அதுக்கு வழி சொல்லுங்க."

நான் வைத்தியநாதன் சாரின் வழியைத்தான் எடுத்தேன். மறுநாள் மில்லுக்குப் போய் அவர் அறையில் மூலை நாற்காலியில் உட்கார்ந்தேன். டிரைவர் வந்தார், கொள்முதல் பார்க்கிறவர் வந்தார், மெக்கானிக் வந்தார், விவசாயிகள் வந்தார்கள், பரிசோதனை அறையிலிருந்து தேன்மொழி என்ற பெண் இரண்டு முறை வந்தாள். என் விரல்கள் தீர்ந்து, மறுபடியும் முதலிலிருந்து மடக்கிக்கொண்டிருந்தேன்.

கை வலியா என்று பாய் கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வாசலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் இந்த மில்லுக்கு மொதலாளி இல்ல," என்றார். "இங்க ஓடுற மெஷின்ல நானும் ஒண்ணு. நான் நின்னா எல்லாம் நிக்கும்."

அன்றிலிருந்து அவர் செய்ததையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். யோசனை சொல்லப் போனவள், பாதி வழியில் வெறும் பார்வையாளராகிவிட்டேன்.

முதலில் யாருக்கு என்ற கேள்வி. அவருக்கு இரண்டு மகன்கள், இருவரும் துபாயில். மில் வேண்டாம் என்று இருவருமே சொன்னார்கள். அந்தச் சமயத்தில் மேற்குப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய தீவன நிறுவனம் வாங்க ஆசைப்பட்டு ஆட்களை அனுப்பியது. நல்ல விலைதான். சாக்கில் உங்கள் பெயர் அப்படியே இருக்கும் என்றார்கள். மில் என்னவாகும் என்று பாய் கேட்டார். உற்பத்தி எங்கள் தொழிற்சாலையில், இது கிடங்காக இருக்கும் என்றார்கள். பாய் அவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டு, கார் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

"என் பேர வாங்கிக்கிட்டு மில்ல மூடுறேங்கிறாங்க. எனக்கு வேண்டியது தலைகீழா," என்றார். "மில்லு இருக்கணும். பேரு போகட்டும்."

அவர் மனதில் இருந்தவள் தேன்மொழி. வேப்பந்தட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வேதியியல் படித்துவிட்டுப் பரிசோதனை அறையில் வேலைக்குச் சேர்ந்தவள். அதிகம் பேசமாட்டாள். ஒன்றைச் சரியில்லை என்று சொல்லிவிட்டால் பாயே வந்து கேட்டாலும் சரியில்லை என்றுதான் சொல்வாள். மில்லைக் கம்பெனியாகப் பதிவு செய்து, அவளும் மூன்று பழைய ஊழியர்களும் லாபத்திலிருந்தே படிப்படியாகப் பங்குகளை வாங்கிக்கொள்வது, நிலம் மட்டும் பாய் குடும்பத்தில் இருந்து வாடகை பிள்ளைகளுக்குப் போவது என்று நான் வரைந்து கொடுத்தேன்.

இளைய மகன் இர்ஃபான் துபாயிலிருந்து கோபத்தோடு வந்து இறங்கினார். விற்றால் விற்றுவிடுங்கள், யாரோ ஒரு பெண்ணுக்கு எழுதிக் கொடுக்கவா அத்தா இவ்வளவு பாடுபட்டீர்கள் என்று என் முன்னாலேயே கேட்டார். பாய் வாதாடவில்லை. உனக்குத்தான் முதல் உரிமை, நீயே வந்து உட்கார் என்று தன் நாற்காலியைக் காட்டினார். இர்ஃபான் நிஜமாகவே உட்கார்ந்தார். தூசியிலும் தவிட்டு வாடையிலும் ஒன்றிரண்டு வாரம் நேர்மையாக முயன்றார். பிறகு ஒருநாள் எழுந்து, என்னால முடியாது அத்தா, ஆனா எனக்கு வருத்தம் இருக்கு என்றார். இருக்கத்தான் செய்யும் என்று பாய் அவர் தோளைத் தட்டினார். அதோடு கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் விமானம் ஏறினார்.

இதுவரை செய்தது எந்த ஆடிட்டரும் செய்யக்கூடியது. வங்கிக் கடனுக்குப் பாய் கொடுத்திருந்த ஜாமீனை மாற்றினோம். உரிமம், மின் இணைப்பு, எடை மேடைச் சான்று என்று அவர் பெயர் எங்கெங்கே முடிச்சுப் போட்டிருந்ததோ அங்கெல்லாம் அவிழ்த்துக் கம்பெனியின் பெயரில் கட்டினோம். அலுப்பான வேலை. ஆனால் முடியும் வேலை.

முடியாது என்று நான் நினைத்த வேலையைப் பாய் தானே எடுத்துக்கொண்டார். யார் வந்து எதைக் கேட்டாலும் அவருடைய பதில் ஒன்றாகிவிட்டது. தேன்மொழி என்ன சொல்லுது என்பார். இன்னும் கேக்கல பாய் என்றால், கேட்டுட்டு வா என்பார். கேட்டுவிட்டு வந்தால், பிறகு என்னிடம் எதற்கு வந்தாய் என்பார். சில மாதங்களில் அவர் அறைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். முன்வாசலில் இருந்த தன் மேசையைக் கிடங்குக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டார். அவரைப் பார்க்க வேண்டுமானால் தேன்மொழியின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். பிறகு அந்தப் பின்னறையிலும் எதிர் நாற்காலியை எடுத்துவிட்டார். நின்றுகொண்டே எவ்வளவு நேரம் பேசுவார்கள்?

சாக்கு விஷயத்தைச் சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது. பெயரை ஒரேயடியாக மாற்றினால் விவசாயிகள் மிரள்வார்கள் என்று நான் தயங்கிக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம் சொல்லவே இல்லை. ஒவ்வொரு முறை புதுச் சாக்கு அச்சுக்குப் போகும்போதும் தன் பெயரைக் கொஞ்சம் சிறிதாக்கி, பசுவைக் கொஞ்சம் பெரிதாக்கி அடிக்கச் சொல்லியிருக்கிறார். மாடு வளர்ந்தது, பாய் தேய்ந்தார். ஒருநாள் நான் கவனித்தபோது சாக்கு முழுக்கப் பசுதான் நின்றுகொண்டிருந்தது. அவர் பெயர் தையலுக்குப் பக்கத்தில் எறும்பு மாதிரி. எப்போதிலிருந்து இப்படி என்று நாலைந்து விவசாயிகளைக் கேட்டேன். எப்பவும் மாட்டு சாக்குதானே என்றார்கள்.

கடைசியில் ஒத்திகை. ஒரு முழு அறுவடைக் காலம் அவர் மில் பக்கமே வரக்கூடாது. விவசாயிகள் கூப்பிடும் அவருடைய போனை மில்லிலேயே கொடுத்துவிட வேண்டும். மில்லைப் பற்றி யாரோடும் பேசவும் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டை நான் போடவில்லை, அவரே போட்டார். பொங்கல் கழிந்து அறுப்பு சூடு பிடிக்கும் சமயம் லப்பைக்குடிக்காட்டு வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டார்.

அந்த வருடம் காலம் தப்பி மழை பெய்தது. அறுத்த கதிர் களத்தில் கிடந்தது, உதிர்த்த சோளம் தார்ச் சாலையில் காய்ந்துகொண்டிருந்தது. நாலு நாள் விடாத மழை. பிறகு வெயில் வந்தபோது சோளத்தில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை. அதை அரைத்துப் போட்டால் மாட்டின் ஈரல் கெடும், விஷம் பாலிலும் இறங்கும்.

பாய் இருந்த காலத்தில் ஈரச் சோளத்தோடு வந்த எந்த விவசாயியையும் திருப்பி அனுப்பியதில்லை. விலையைக் குறைத்து எல்லாவற்றையும் வாங்கிக்கொள்வார், களத்தில் காயவைப்பார், கெட்டதைப் பொறுக்குவார், நல்லதோடு கலப்பார். அதுதான் அவருடைய பேர். தேன்மொழி பரிசோதித்துப் பார்த்துவிட்டு, பூஞ்சை பிடித்த சோளம் ஒரு மூட்டைகூட உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். பூஞ்சை பிடிக்காத ஈரச் சோளத்தை மில்லின் உலர்த்தும் இயந்திரத்தில் இலவசமாகக் காயவைத்துக்கொள்ளலாம் என்றாள். ஆனால் பலருடைய சோளம் அந்த நிலையைத் தாண்டியிருந்தது.

சேதி கேட்டு மில்லுக்குப் போனேன். சாலையோரம் நீளத்துக்கு லோடு வேன்கள். வாசலில் விவசாயிகள் கூட்டம். நடுவில் தேன்மொழி நின்று ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டியிருந்தது. குரலை உயர்த்தவில்லை. ஓரமாகக் கூப்பிட்டு, பாயிடம் சொல்லவா என்று கேட்டேன்.

"வேண்டாம் மேடம்," என்றாள். "இப்ப அவரு வந்துட்டா, அப்புறம் நான் இங்க இருக்க முடியாது."

அவள் சொன்னது புரிந்தது. இருந்தாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. பல வருட உழைப்பு ஒரு வாரத்தில் உடைந்துவிடும் போலத் தோன்றியது. அங்கிருந்து நேரே லப்பைக்குடிக்காட்டுக்குப் போனேன். எனக்கு முன்பே அங்கே ஒரு வேன் நின்றுகொண்டிருந்தது.

கூடத்தில் ஏழெட்டு விவசாயிகள் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் செல்லமுத்து. பாய் முதன்முதல் அரைத்த சோளம் அவருடைய நிலத்தில் விளைந்ததுதான். பாய்க்குக் கையில் பணமில்லாத காலத்தில், அப்புறம் கொடு என்று கொட்டிவிட்டுப் போனவர். பாய் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். எல்லோருக்கும் டீ வந்திருந்தது. யாரும் தொடவில்லை.

நடந்ததையெல்லாம் செல்லமுத்து சொன்னார். அவருடைய சோளமும் வாசலோடு திரும்பிவிட்டது. பாய் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். நானும் என் பங்குக்கு, ஒரே ஒரு போன் செய்யுங்கள், இந்த ஒரு முறை மட்டும் என்று சொன்னேன்.

"நான் அங்க இல்லண்ணே," என்றார் பாய், செல்லமுத்துவைப் பார்த்து. "அங்க ஒரு பொண்ணு இருக்கு. அது சொல்றதுதான்."

"அந்தப் பொண்ணுகிட்டதான் ஒரு வார்த்தை சொல்லச் சொல்றேன். உன் வாயால ஒரு வார்த்தை."

"அந்த ஒரு வார்த்தைய இன்னிக்கு நான் சொல்லிட்டா, நாளைக்கு அது பேச்ச யாருண்ணே கேப்பா?"

செல்லமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். "நீ கொடுக்குறவனா இருந்தப்ப நான் பார்த்தேன். நீ இல்லாதவனா இருந்தப்பவும் பார்த்தேன். இப்படி ஒரு ஆளா இருப்பேன்னு நெனைக்கல," என்று சொல்லிவிட்டு வெளியேறினார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். வேன் கிளம்பும் சத்தம் கேட்டது.

பாய் டீத் தம்ளரை எடுத்தார். குடிக்கவில்லை. கீழே வைத்துவிட்டார். மில்லில் என்ன நிலைமை, தேன்மொழி என்ன செய்யப் போகிறாள் என்று என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்தப் பொண்ணு சாப்புட்டுச்சா?"

தெரியவில்லை பாய் என்றேன். உள்ளே திரும்பித் தன் மனைவியிடம் சோறு கட்டிக் கொடுக்கச் சொல்லப் போனவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"வேண்டாம். என் வூட்டுலேர்ந்து சோறு போனா, நான் சொல்லி அனுப்புன மாதிரி ஆயிடும்."

பிறகு அஸர் தொழுகைக்குக் கை கால் முகம் கழுவி ஒளு செய்ய எழுந்து போனார். முற்றத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் வழக்கத்தைவிட வெகுநேரம் கேட்டது. நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அதிகாரத்தைப் பிடித்து வைத்திருக்கப் பலம் வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும் அதிகாரத்தைத் தொடாமல் இருக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதை அன்றுதான் பார்த்தேன். அதைப் பார்க்கும்போது உட்கார்ந்திருப்பது சரியில்லை என்று தோன்றி, எழுந்து நின்றேன்.

தேன்மொழி அந்த வாரம் செய்ததைப் பிறகுதான் அறிந்தேன். மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கும் ஆலைகள் கெட்ட சோளத்தையும் வாங்கும் என்று கேள்விப்பட்டு, வெளி மாவட்டத்து ஆலை ஒன்றோடு பேசி முடித்திருக்கிறாள். விலை குறைவுதான். ஆனால் அது தெருவில் கொட்ட வேண்டிய சோளம். ஊர் ஊராகப் போய், திருப்பி அனுப்பிய மூட்டைகளை மில்லின் லாரியிலேயே ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். செல்லமுத்து வீட்டுக்கும் போனாளாம். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை, ஆனால் மூட்டையை ஏற்றவிட்டாராம். அந்தக் கோடையில் வேறு சில ஊர்களில் மாடுகள் பால் வற்றி மெலிந்ததாகப் பேச்சு வந்தது. எங்கள் மில் தீவனம் தின்ற மாடுகளைப் பற்றி அப்படி ஒரு புகாரும் வரவில்லை.

அறுவடைக் காலம் முடிந்ததும் பாயிடம் எல்லாவற்றையும் சொல்லும் அனுமதி எனக்குக் கிடைத்தது. எத்தனால் ஆலை விஷயம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார்.

"எனக்கு இது தோணியே இருக்காது ஆடிட்டரம்மா," என்றார். "நான் இருந்திருந்தா எல்லாத்தையும் வாங்கியிருப்பேன். நல்லவன்னு பேரும் வாங்கியிருப்பேன். மாடுங்கதான் பாவம்."

சொல்லும்போது அவர் முகத்தில் தோற்றவரின் சாயல் கொஞ்சமும் இல்லை. பிறை பார்த்தவர் மாதிரி இருந்தது. கையெழுத்துக்கு நாள் பாருங்கள் என்றார். அடுத்த வாரம் பெரம்பலூரில் என் மேசையிலேயே மீதிக் கையெழுத்துகள் முடிந்தன. தேன்மொழி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடத் தெரியாதவள் போலப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லுங்க பாய் என்றாள். அவர், சொல்றதுக்கு ஒண்ணும் இல்லம்மா, அதுக்குத்தானே இவ்வளவு பாடு என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கும் மேல் அவர் அந்தச் சாலையில் போகவில்லை. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வந்தபோது பால் வேண்டும் என்று ஒரு கறவை மாடு வாங்கினார். மாட்டுக்குத் தீவனம் வேண்டுமே. ஒருநாள் நான் வேப்பந்தட்டைக்கு ஒரு வேலையாகக் காரில் போகும்போது, என்னையும் மில்லில் இறக்கிவிடுங்கள் என்று ஏறிக்கொண்டார். வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மில் பெரிதாகியிருந்தது. இடப்பக்கம் புது உலர்த்தும் கூடம். வாசல் கேட்டில் சீருடை போட்ட ஒரு நடுவயதுக்காரர். வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவர் போலிருக்கிறது. பாய் இறங்கிக் கேட்டைத் தாண்டப் போனதும் கையை நீட்டித் தடுத்தார்.

"யாருங்க நீங்க? யாரைப் பாக்கணும்?"

நான் பதறிக் கார்க் கதவைத் திறந்தேன். பாய் திரும்பி, கண்ணாலேயே என்னை வேண்டாம் என்றார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெற்ற பிள்ளை முதன்முதல் கையை விட்டு நடந்ததைப் பார்க்கிறவர் முகம் அப்படி இருக்கும்.

"மாட்டுக்குத் தீவனம் வாங்கணுங்க," என்றார். "எங்க நிக்கணும்?"

அந்த ஆள் வலப்பக்கம் கை காட்டினார். பாய் போய் வரிசையின் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் நின்றிருந்தவர் காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். செல்லமுத்து. அறுவடைக் காலத்து அந்தப் பிற்பகலுக்குப் பிறகு இருவரும் பேசியதில்லை.

செல்லமுத்து அவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் கையில் மடித்து வைத்திருந்த காலிச் சாக்கையும் பார்த்தார்.

"நீயும் வரிசையில நிக்கிற ஆளாயிட்டியா?" என்றார்.

"ஆமாண்ணே."

செல்லமுத்து கொஞ்சம் நகர்ந்து, கூரை நிழலில் அவருக்கு இடம் விட்டார்.